எவரிஸ்தோ பட்டிக்குக் குடிபோன வருஷம்

நாயை யாராவது தடவிக் கொடுத்தால் எவரிஸ்தோவுக்குக் கோபம் வரும். சாதாரணக் கோபமில்லை, தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டு கத்துகிற கோபம். ஒருமுறை ஆடுகளை ஆசீர்வதிக்க வந்த பாதிரியார், பட்டிக்குள் நின்ற கிழட்டு நாயின் காதைச் சொறிந்துவிட்டார்.

"சாமி, கைய எடுங்க. அது தன்னை ஆடுன்னு நெனச்சுக்கிட்டிருக்கு. நீங்க கொஞ்சினா, தான் நாய்னு அதுக்கு ஞாபகம் வந்துடும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பாதிரியார் கையை அங்கிக்குள் விட்டுக்கொண்டு, மீதி ஆசீர்வாதத்தை வேலிக்கு வெளியே நின்று முடித்தார்.

இப்படிப்பட்ட மனிதர் என்ன காரியம் செய்தார் என்பது எனக்குத்தான் முழுதாகத் தெரியும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர் நிலம், இந்தப் பக்கம் என் நிலம். வடக்கு நியூ மெக்சிகோவில், மலை இறங்கி முடிகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ரீத்தோ ஹோந்தோ. ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, வாடா போடி என்று திட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். என் மகளுக்கு அவர் ஞானத்தகப்பன் ஆனதும் அந்த வாடா போடி போய்விட்டது. அவர் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவருக்குக் கொமாத்ரே. ஞானஸ்நானத் தண்ணீர் காய்வதற்குள் இரண்டு பேரும் 'நீங்க' ஆகிவிட்டோம். அதற்காகத் திட்டுவதை நிறுத்தவில்லை. மரியாதையாகத் திட்டிக்கொள்கிறோம்.

எவரிஸ்தோ ஒல்லி, நெட்டை, மீசை மட்டும் தாராளம். குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளுகிற வண்டி ஓட்டுவார். மற்ற நாளெல்லாம் ஆடுதான். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "ஏற்கெனவே நாப்பது பொம்பளைங்க வீட்டுல. ஒருத்தியாவது நான் சொல்றதைக் கேக்குறாளா?" என்று பட்டியைக் காட்டுவார். அம்மாவோடு இருந்தார். அம்மா போன பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வராது. என் வீட்டுக்குக் காப்பி குடிக்க வருகிறவர், கோப்பை காலியான பிறகும் உட்கார்ந்தே இருப்பார். நானும் எழுந்திருக்கச் சொல்லமாட்டேன்.

அந்த மந்தை அவருடைய அப்பா விட்டுப்போனது. அவருக்கும் தம்பி லெயாந்த்ரோவுக்கும் பொது. தம்பி ஆல்புகர்க்கியில் ஏசி பழுது பார்க்கிறான். கெட்டவன் இல்லை. ஆட்டு வாடை பிடிக்காதவன், அவ்வளவுதான்.

கிழட்டு நாய் செத்த வருஷம்தான் வினை ஆரம்பித்தது. எங்கள் மலையில் கொயோட்டிக்குக் குறைவே இல்லை. நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சிறிது, புத்தியில் இரண்டுக்கும் மேலே. நாய் செத்தது ஊருக்குத் தெரியும் முன்பே அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. ஆடு ஈனுகிற காலம் வந்தால் ஒவ்வொரு விடியலிலும் ஒரு குட்டி குறையும். ரோமமும் கொஞ்சம் ரத்தமும் கிடக்கும். தாய் ஆடு அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருக்கும். என் வீட்டுச் சமையலறையில் நின்றால் கேட்கும். கேட்டால் சோறு இறங்காது.

எவரிஸ்தோ சும்மா இருக்கவில்லை. மனிதக் குரல் கேட்டால் கிட்டே வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பட்டியில் ரேடியோ கட்டினார். கொஞ்ச நாள் வரவில்லை. பேசுகிறவன் எழுந்து வரப்போவதில்லை என்று தெரிந்ததும் வந்துவிட்டன. பிறகு ஒரு கழுதை வாங்கினார். நாய் சாதியைக் கண்டாலே கழுதை உதைத்து விரட்டும் என்பார்கள். எங்கள் ஊருக்கு வந்துசேர்ந்தது பரம சாது. ஆட்டுத் தீனியைத் தின்று கொழுத்தது. கொயோட்டி வந்த அன்று முதலில் வேலி தாண்டி ஓடியதும் அதுதான்.

மேல்வயல்காரன் ஃபிதென்சியோவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம், துப்பாக்கி. "ரெண்டைச் சுட்டு வேலியில தொங்கவிடு. மத்ததெல்லாம் பாத்து பயந்துக்கும்" என்றான்.

"நீ போன வருஷம் தொங்கவிட்டியே, உன் கோழியெல்லாம் எங்க?" என்றார் எவரிஸ்தோ. ஃபிதென்சியோ துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினான்.

"நாய்தான் வேணும். அதுவும் பட்டியிலேயே வளந்த நாய்" என்பது எவரிஸ்தோ கட்சி. மேற்கே நவஹோப் பழங்குடியினர் பக்கம் ஆடு வைத்திருந்த சிநேகிதர் ஒருவரிடமிருந்து ஜனவரியில் ஒரு குட்டியை வாங்கி வந்தார். வெள்ளையாக, பாதமெல்லாம் பெரிது பெரிதாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் காவல் நாயை வளர்க்கிற விதம் வேறு. பால் மறந்ததும் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துப் பட்டியில் விட்டுவிட வேண்டும். கழுவாத ஆட்டு ரோமத்தில்தான் அதற்குப் படுக்கை. முடிந்தால், குட்டியை இழந்த ஆட்டின் பாலை அதன் மேல் தடவி, அந்த ஆட்டிடமே சேர்த்துவிடுவார்கள். தட்டு வைக்கிறவன் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பேசக்கூடாது, தொடக்கூடாது, வீட்டு வாசலைக் காட்டவே கூடாது. யாரோடு வளர்கிறதோ அவர்களைத்தான் அது காக்கும். எவரிஸ்தோவின் அப்பா இதில் கறார். எவரிஸ்தோ அவரையே மிஞ்சியவர்.

"எப்படி இருக்கு குட்டி?" என்று கேட்டேன்.

"பட்டியில இருக்கு. நான் மூஞ்சியக்கூட பாக்குறதில்ல" என்றார்.

பிப்ரவரியில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், பச்சை மிளகாய்க் கறி கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறக்க நேரமாயிற்று. திறந்தும் முழுதாகத் திறக்கவில்லை.

"உள்ள வராதீங்க கொமாத்ரே. தரை கழுவி விட்டிருக்கேன்."

பிறந்ததிலிருந்து தரை கழுவாத மனிதர். கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். அடுப்புப் பக்கத்தில் அவருடைய அம்மாவின் நாற்காலி. அதில் அம்மாவின் போர்வை. போர்வைக்குள்ளிருந்து ஒரு வெள்ளை மூக்கு எட்டிப் பார்த்தது.

"இது என்ன கொம்பாத்ரே, ஆடா?"

"ஆடு முட்டிடுச்சு. கால்ல அடி. ரெண்டு நாள்ல கொண்டு விட்டுருவேன்."

"அதுக்கு எதுக்கு நாற்காலி?"

"தரை குளுருது."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் முகம் சிவந்துபோயிற்று. "ஊருக்குள்ள சொல்லிடாதீங்க. ஃபிதென்சியோ காதுல விழுந்தா என்னை உசுரோட விடமாட்டான்" என்றார்.

கால் சீக்கிரமே சரியாயிற்று. நாய் திரும்பிப் போகவில்லை. ஊர் எழும் முன்பே அதைக் கோட்டுக்குள் வைத்துப் பட்டிக்குத் தூக்கிப் போவார். பொழுது சாய்ந்ததும் அதே கோட்டுக்குள் திரும்பி வரும். கோட்டுக்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்த பிறகு அதுவே பின்னால் நடந்தது. சாயங்காலம் நான் கோழி அடைக்கும்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சுச் சத்தம் கேட்கும். அன்று சாலையில் எவ்வளவு பனி, மிளகாய் விலை என்ன, முழங்கால் எங்கே வலிக்கிறது, எல்லாம் அந்த நாயிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அம்மா போன பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது அப்போதுதான். கொர்தோ என்று பேர் வேறு வைத்திருந்தார், குண்டன் என்று அர்த்தம்.

அந்த வசந்தத்திலும் குட்டிகள் போயின. ஈஸ்டருக்கு வந்த லெயாந்த்ரோ பட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

"அண்ணே, நீங்க ஆடு வளக்கல. கொயோட்டிக்கு விருந்து வெச்சுக்கிட்டிருக்கீங்க."

"நாய் சின்னதுடா. வளரட்டும். அடுத்த வசந்தம் பாரு."

"அடுத்த வசந்தமும் இப்படின்னா?"

எவரிஸ்தோ வேலிக் கம்பியை இழுத்துப் பார்த்தார்.

"அப்படி ஆனா வித்துருவோம்ணே. அந்த இலையுதிர்ல வண்டி கொண்டு வர்றேன். எனக்கும் பாதி உரிமை இருக்கு, நான் கேட்டதேயில்ல. இதை மட்டும் கேக்குறேன். வாக்கு குடுங்க."

எவரிஸ்தோ கையை நீட்டினார். அண்ணனும் தம்பியும் கை குலுக்கிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை. மந்தை போனால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பனி தள்ளுகிற ஒரு ஆள், ஆளில்லாத ஒரு வீடு. வேறு என்ன மிச்சம்?

அடுத்த வசந்தத்துக்குள் கொர்தோ கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. குரைத்தால் என் வீட்டுத் தட்டுகள் அதிரும். ஆடுகள் முன்னதாகவே ஈன ஆரம்பித்தன. எவரிஸ்தோ அதைப் பட்டிக்குள் விட்டு, "இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் கதவைத் திறக்கும் முன்பே அது வாசற்படியில் இருந்தது. திரும்பக் கொண்டு விட்டார். வேலியைத் தாண்டி வந்தது. வேலியை உயர்த்தினார். அடியில் பறித்துக்கொண்டு வந்தது. சங்கிலியில் கட்டினார். அது போட்ட கூச்சலில் ஆடுகள் மிரண்டு ஒன்றையொன்று மிதித்தன. அவிழ்த்துவிட வேண்டியதாயிற்று.

வாசலில் அதன் காவலைக் குறை சொல்ல முடியாது. பால் கொண்டு போன என்னையே படியேற விடவில்லை. அங்கே பட்டியில் கொயோட்டி குட்டியைத் தூக்கும். இங்கே வாசற்படியில் கொர்தோ மார்பை நிமிர்த்திக்கொண்டு எவரிஸ்தோவைக் காத்துக்கொண்டிருக்கும்.

அந்த வாரம்தான் வாய்க்கால் தூர்வாருகிற நாள். அதில் தண்ணீர் எடுக்கிற வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்தாக வேண்டும். எங்கள் வீட்டுக்கு நான்தான் ஆள், என் வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி. வெட்டிக்கொண்டே போவோம், வாயும் சும்மா இருக்காது. அன்று எல்லார் வாயிலும் எவரிஸ்தோவின் நாய்தான்.

"அவ்வளவு பெரிய நாய வெச்சுக்கிட்டுமா குட்டி போவுது?" என்றார் ஒருவர்.

ஃபிதென்சியோ மண்வெட்டியை ஊன்றிக்கொண்டான். இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தான் போலிருக்கிறது. "நாயைக் குத்தம் சொல்லாதீங்கப்பா. அது வேலையை ஒழுங்காத்தான் பாக்குது. இன்னிக்கு வரைக்கும் எவரிஸ்தோவை ஒரு கொயோட்டியாவது தூக்கிட்டுப் போச்சா?"

வாய்க்கால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன், அடக்க முடியவில்லை. எவரிஸ்தோ மட்டும் சிரிக்கவில்லை, தொப்பியையும் கழற்றவில்லை. முழங்கால் சேற்றில் நின்றபடி ஃபிதென்சியோவையே பார்த்தார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறிப் போய்விட்டார். தூர்வாரும்போது பாதியில் யாரும் போனதில்லை. மனசு உடைந்துபோய்விட்டது, நாயைச் சுட்டுவிடப் போகிறார் என்று எனக்குப் பகீரென்றது.

மறுநாள் காலை அவருடைய டிராக்டர் என் வேலி ஓரமாக ஊர்ந்து வந்தது. பின்னால் வைக்கோல் வண்டி. அதில் இரும்புக் கட்டில், மெத்தை, காப்பிப் பானை, தார்ப்பாய், ஒரு மூட்டை பீன்ஸ். வண்டிக்குப் பின்னால் கொர்தோ வாலை ஆட்டிக்கொண்டு நடந்தது.

"எங்க கொம்பாத்ரே குடிபோறீங்க?"

"பட்டிக்கு."

"பட்டிக்கா?"

"ஃபிதென்சியோ சொன்னது சரிதான். அது என்னைத்தான் காக்குது. ஆட்டுக்கிட்ட நாயைக் கொண்டு போக முடியல. அதான் என்னைக் கொண்டு போறேன்."

பெரிய புத்திசாலித்தனமா, முழுப் பைத்தியமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். பிறகு ஓடிப்போய் இன்னொரு கம்பளி எடுத்து வந்து வண்டியில் போட்டேன்.

பட்டிக்கு நட்டநடுவில் கட்டிலைப் போட்டு, மேலே தார்ப்பாயைக் கட்டினார். சுற்றிலும் ஆடு, காலடியில் நாய். மழை பெய்தது, ஒருமுறை பனியும் பெய்தது. அவர் வீட்டுக்கு வரவில்லை. சட்டைக்குப் பொத்தான் போனால் போனதுதான். தாடி வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே வேலி ஓரமாக வேடிக்கை பார்க்க நின்றது. "எவரிஸ்தோவுக்கு எப்ப ரோமம் வெட்டப் போறீங்க?" என்று கேட்டார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்து டோர்ட்டியா ரொட்டியைப் பீன்ஸில் தோய்த்துத் தின்றுகொண்டே, "முதல்ல உங்க கொழுப்பை வெட்டிட்டு வர்றேன்" என்றார்.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஒரு நாள் வெளுக்கிற நேரத்தில் வண்டியை எடுக்கப் போனபோது பார்த்தேன். சரிவில் இரண்டு கொயோட்டிகள். பட்டி ஓரமாக ஒரு தாய் ஆடு அப்போதுதான் ஈன்று குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. கட்டிலடியிலிருந்து கொர்தோ எழுந்தது. அவசரப்படவில்லை. ஆடுகளுக்கு நடுவே நடந்து வந்து வேலியோரம் நின்று ஒரே ஒரு குரல் கொடுத்தது. கொயோட்டிகள் உட்கார்ந்து யோசித்தன. பிறகு, வேறு வேலை இருக்கிற மாதிரி மெதுவாக எழுந்து போயின. எவரிஸ்தோ வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸில் உட்கார்ந்து தனியாகக் கைதட்டினேன்.

அவர் பட்டிக்குப் போன பிறகு அந்த ஈற்றுக்காலம் முடியும்வரை கொயோட்டி ஒரு குட்டியையும் தொடவில்லை.

கோடையில் ஒரு நாள் வேலி ஓரம் நின்று சொன்னார். "நேத்து என் காலடியில படுக்கல கொமாத்ரே. கட்டக் கடைசியா ஈன்ன ஆட்டுக்கிட்ட போயிப் படுத்துக்கிச்சு. குட்டி அது முதுகு மேல ஏறிக் குதிக்குது, ஒண்ணும் சொல்லல."

"பொறாமையா இருக்கா?"

"ச்சே ச்சே. அதுதானே வேணும்" என்றார். ஆனால் பேச்சு ஒரு பக்கம் இருக்க, கண் நாயைத் தேடிக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் லெயாந்த்ரோ வந்தான். விற்பனைக்கு வண்டிக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தான். வேலியில் கையை ஊன்றிக் குட்டிகளை எண்ண ஆரம்பித்து, பாதியிலேயே விட்டுவிட்டான். அண்ணனைப் பார்த்தான். தாடியும் புகை வாடையும் கிழிந்த முழங்கையும்.

"அண்ணே, உங்களைப் பாத்தா மனுஷன் மாதிரியே இல்ல."

"மந்தை இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப வாயை மூடிட்டு உக்காந்து சாப்பிடு."

லெயாந்த்ரோ கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டான். ஆட்டு வாடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது என் வீட்டுத் தொலைபேசியில் வண்டிக்காரரை அழைத்து, இந்த வருஷம் வேண்டாம், எந்த வருஷமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்டோபரில் உறைபனி ஆரம்பித்தது. இனி வெளியே படுத்தால் செத்துப்போவீர்கள் என்று நான் போட்ட சத்தத்தில் எவரிஸ்தோ கட்டிலை வண்டியில் ஏற்றினார். வீட்டில் அடுப்பு மூட்டினார். நாற்காலிப் போர்வையை உதறிப் போட்டார். நான் முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் எல்லாம் தெரிந்தது. வாய்க்காலைக் கடக்கிற பலகையில் நின்று, பட்டியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"கொர்தோ! வாடா! வீட்டுக்குப் போலாம்!"

கொர்தோ வேலியோரம் வந்து நின்றது. அந்த வேலி அதற்கு ஒரு தாவல். வாலை ஆட்டியது. அவரைப் பார்த்தது, திரும்பி ஆடுகளைப் பார்த்தது. எங்கோ ஒரு குட்டி கத்தியது. கொர்தோ போய்விட்டது. அவர் மறுபடி கூப்பிட்டார், சீட்டியடித்தார். அது மந்தைக்கு நடுவே சுற்றி வந்து படுத்து, தலையைப் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டது. வெளிச்சம் மங்கி, எது நாய் எது ஆடு என்று எனக்கே தெரியவில்லை. அவர் பலகையில் நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு என் வீட்டுக்கு வந்தார். ஒன்றும் கேட்காமல் தட்டு வைத்துக் கறியை ஊற்றினேன். டோர்ட்டியாவைப் பிய்த்தார்.

"கூப்பிட்டேன் கொமாத்ரே. வரல."

"பாத்தேன்."

"வந்திருந்தா அடுத்த வசந்தத்துல மந்தை மறுபடி போயிருக்கும்."

"அப்புறம் என்ன? நீங்க ஆசைப்பட்டதுதானே நடந்திருக்கு."

"ஆமா. அப்பாகூட இவ்வளவு நல்ல நாய் வெச்சிருந்ததில்ல" என்றார். சொல்லும்போதே கண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. "சந்தோஷமாத்தான் இருக்கு. நெஜமாவே சந்தோஷமாத்தான் இருக்கு."

பிய்த்த துண்டை வாயில் போட முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.